ஊசியும் அகப்பையும்

வரலாறு என்றவுடன் நம் மாணவர் மனத்தில் எழுவன மன்னர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே. சங்கிலி மன்னனைப் பற்றிக் கேட்டால் தயங்காது விடை கூறும் மாணவனிடம், "நீ அணிந்திருக்கும் சட்டையைத் தைத்தவர் யார்? இன்று காலை நீ உண்ட பிட்டுக்கு மா இடித்து வறுத்தவர் யார்? அதற்காக அவர் எத்தனை மணிக்குத் துயிலெழுந்தார்?" என வினவுவோமாயின், இதுவும் வரலாற்றுக் கேள்வியோ என அவன் வியப்புறுவான். அவனைக் குறைகூறுவதற்கில்லை. அவனுக்குக் கற்பித்த நாமும், நமக்குக் கற்பித்தோரும் அடுப்படியை வரலாற்றுக்குப் புறம்பான இடமாகவே கருதி வந்துள்ளோம்.

தாய் சமைப்பதும் பிள்ளைக்கு உடை தைப்பதும் அன்பின் வெளிப்பாடுகள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அன்பு என்ற சொல்லாற் போர்த்தப்பட்டமையாலேயே அவை உழைப்பு என்னும் உண்மை நம் கண்ணிற் படாது போயிற்று. ஊசியும் அகப்பையும் சந்தைக்கும் அரசியலுக்கும் அப்பாற்பட்டு ஒருபோதும் இருந்ததில்லை. நாட்டின் பொருளாதாரத்தில் நேர்ந்த ஒவ்வொரு நெருக்கடியையும் முதலில் தாங்கிக்கொண்டது வீட்டுப் பெண்ணின் ஊதியமற்ற உழைப்பே. இலங்கையின் வரலாற்றைக் கொண்டு இதனை இங்கு ஆராய்வோம்.

முதற்கண், வீட்டு வேலை தொன்றுதொட்டு மாறாதது என்ற எண்ணத்தைக் களைதல் வேண்டும். நம் வீட்டுச் சொற்களே அதற்குச் சாட்சி பகர்கின்றன. பாண், குசினி, களிசான், லேஞ்சி ஆகிய நான்கும் போர்த்துக்கேயச் சொற்கள். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 இல் ஒல்லாந்தரிடம் தோற்று வெளியேறினர். கோட்டை கைமாறியது, சொற்கள் அடுப்படியிலும் கொடிக்கயிற்றிலும் தங்கிவிட்டன. நம் கறிக்கு உயிர் எனக் கருதப்படும் மிளகாயும், பஞ்ச காலத்தில் நம்மைக் காத்த மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்கடந்து வந்தவை. "அம்மாவின் கைப்பக்குவம்" என நாம் போற்றுவதற்குள் பேரரசுகளின் வணிகமும் அடங்கியுள்ளது.

தையலின் கதையும் இத்தகையதே. நம் முன்னோரின் உடை பெரும்பாலும் தைக்கப்படாத உடை. வேட்டியும் சேலையும் நெசவாளனின் தறியிலிருந்து நேரே உடலுக்கு வந்தன. சிறு பிள்ளைகளுக்கு அரைஞாண் கயிறே ஆடையாயிருந்த காலமும் உண்டு. 'தையல்' என்னும் சொல் பழந்தமிழில் பெண்ணையும் குறிக்கும் என்பதைக் கொண்டு, தைத்தல் பெண்ணுக்கு இயல்பாகவே அமைந்தது என எண்ணுவோர் உளர். பெண்ணைக் குறிக்கும் தையல் அழகு என்னும் பொருள்வழி வந்தது. அது வேறு, ஊசி வேலை வேறு. வீட்டுப் பெண் தன் பிள்ளைக்குச் சட்டை தைத்தல் நம்மிடையே பரவலான வழக்கமாகியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்துதான்.

1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். அங்கு எழுத்தும் வாசிப்பும் கற்பிக்கப்பட்டன. கூடவே ஊசி வேலையும் கற்பிக்கப்பட்டது. இக்கல்வி இரு முகங்கொண்டது. எழுத்தறிவு பெண்ணுக்கு வெளியுலகின் வாயிலைத் திறந்தது. தையற் பாடமோ அவளை நல்ல இல்லத்தரசியாக்கி மீண்டும் வீட்டினுள் அமர்த்த முனைந்தது. மிஷனரிமார் சென்ற பின்னரும் மனையியல் என்னும் பெயரில் அந்த இரண்டாம் முகம் நம் பாடத்திட்டத்தில் நெடுங்காலம் நிலைத்தது. ஆண்பிள்ளை மரவேலை கற்க, பெண்பிள்ளை ஊசி பிடித்தாள்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் ஊசியே ஒரு சமூகப் பிரச்சினையாகியிருந்தது. இலண்டன் நகரத்துத் தையற் பெண்ணின் அவலத்தைத் தோமஸ் ஹுட் 1843 இற் கவிதையாக்கினார். 1846 இல் எலியாஸ் ஹவ் என்பவரும் 1851 இல் ஐசாக் சிங்கர் என்பவரும் அமெரிக்காவில் தையல் இயந்திரங்களுக்கு உரிமம் பெற்றனர். இயந்திரம் வந்ததும் பெண்ணின் சுமை குறையும் எனப் பலர் நம்பினர். மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' நூலில் இவ்வியந்திரத்தைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். கையாற் தைத்துப் பிழைத்த ஏழைகளிலும் ஏழைகளை அது எவ்வாறு வீழ்த்தியது என்பதைக் காட்டினார். இயந்திரம் யாருடைய உடைமை என்ற கேள்விக்கு விடை காணாமல் அது விடுதலை தருமா என்ற கேள்விக்கு விடை காண இயலாது.

1877 இல் சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது. தவணை முறையில் விற்கும் வழக்கத்தை அந்நிறுவனம் 1850களிலேயே அமெரிக்காவிற் தொடங்கியிருந்தது. முழுப் பணமும் கையில் இல்லாத குடும்பமும் இயந்திரத்தை வீட்டிற்குக் கொண்டுவர அம்முறை இடமளித்தது. நாளடைவில், ஆசிரியர், எழுதுவினைஞர் வீடுகளின் விறாந்தை மூலையிற் கறுப்பு உடலும் பொன்னிற எழுத்துமாய் அது இடம்பிடித்தது. சீதனப் பட்டியலிலும் ஏறியது.

அவ்வியந்திரத்தைச் சுற்றி அமைந்த சிக்கனத்தை நம்மிற் பலர் நேரிற் கண்டிருக்கிறோம். தந்தையின் பழைய வேட்டி கைக்குழந்தையின் சட்டையாகும். தாயின் கிழிந்த சேலை மகளின் பாவாடையாகும். அதிலும் எஞ்சியது தலையணை உறையாகும். பிள்ளை வளரும் என்பதை எண்ணிக் கரையை அகலமாக மடித்துத் தைப்பர். ஆண்டுதோறும் ஒரு மடிப்பை அவிழ்ப்பர். மூத்தவனின் களிசான் இளையவனுக்கு வரும். தெறி அறுந்தால் பழைய சட்டையிலிருந்து கழற்றிய தெறி ஒன்று பேணிக்குள் இருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய இரவுகளில், சமையல் முடிந்து எல்லோரும் உறங்கிய பின்னர், விளக்கடியில் இயந்திரம் ஓடும். ஆசிரியரின் சம்பளம் மாத இறுதிவரை போதியது என நாம் பெருமை கொள்கிறோம். அதனைப் போதச் செய்தது அவ்விரவுகளின் உழைப்பு. அதற்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடமில்லை.

எனினும் இந்த இனிய சித்திரத்தை நம் சமூகம் முழுவதற்கும் உரியதாகக் காட்டுவது பொய்யாகும். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிவதையே தடைசெய்த சமூகம் நம்முடையது. தென் திருவிதாங்கூரில் தோட்சீலைக்காக நடந்த நெடும் போராட்டத்தின் பின் 1859 இலேயே அரச கட்டளை பிறந்தது. யாழ்ப்பாணத்தில் அத்தகைய தடைகள் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. 1930 ஆம் ஆண்டையொட்டிப் பாடசாலைகளிற் சமாசனம், சமபோசனம் என்னும் கோரிக்கைகள் எழுந்தபோது, அவற்றைப் பொறாதோர் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். ஒரே வாங்கில் இருப்பதும் ஒன்றாக உண்பதும் அத்தனை அச்சத்தை ஊட்டின. தன் பிள்ளைக்குத் தூய சட்டை அணிவித்துப் பள்ளிக்கு அனுப்பியது, ஒடுக்கப்பட்ட தாய் ஒருத்தி மேற்கொண்ட அரசியற் செயலாகவே இருந்தது.

மலையகத்தில் நிலைமை இன்னும் கடியது. கொழுந்து பறிக்கும் பெண் விடியுமுன் லயத்தின் ஒற்றை அறையில் அடுப்பு மூட்டினாள். பகல் முழுவதும் மலையில் நின்றாள். இருட்டியபின் மீண்டும் அதே அடுப்பின் முன் குந்தினாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி தோட்டங்களில் 1984 இலேயே வந்தது. அவளது இரண்டாவது வேலைக்கு இன்றுவரை கூலி இல்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசிப் பங்கீடு வந்தது. அன்றுமுதல் அரசின் வரவுசெலவுத் திட்டம் சங்கக்கடை வழியாக நேரே உலைப்பானைக்குள் இறங்கியது. 1953 இல் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. கொழும்பில் அமைச்சர்கள் அதனை நிதிப் பிரச்சினை என்றனர். அடுப்படியில் அது, யார் தட்டில் எவ்வளவைக் குறைப்பது என்ற பிரச்சினை. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 இல் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று மக்கள் நடத்திய ஹர்த்தால் அரசை நடுங்கச் செய்தது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். உலைப்பானை ஓர் ஆட்சியின் தலைவரையே வீழ்த்தக்கூடியது என்பதை நம் நாட்டு வரலாறு அன்று மெய்ப்பித்தது.

1970களின் முற்பகுதியிற் பஞ்சம் நெருங்கியது. கோதுமை மாவும் பாணும் அரிதாயின; துணியும் பங்கீட்டில் வந்தது. இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாணத்து விவசாயி சிறிது செழித்தான் என்பது மெய்யே. அதே ஆண்டுகளில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன என்பதும் மெய். மரவள்ளியையும் குரக்கனையும் ஒடியலையும் கொண்டு பிள்ளைகளின் வயிற்றை நிரப்பிய பெண்கள் அன்று நாட்டின் அந்நியச் செலாவணியைச் சேமித்தனர். எந்தத் திட்டமிடல் அறிக்கையும் அதனை அவர்கள் கணக்கில் வரவு வைக்கவில்லை.

1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுத் துணி குவிய, கைத்தறியை நம்பியிருந்த பெண்கள் வேலையிழந்தனர். 1978 இற் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. இங்குதான் நம் வரலாற்றின் முக்கியமான திருப்பத்தைக் காண்கிறோம். விறாந்தை மூலையில் இருந்த தையல் இயந்திரம் நூற்றுக்கணக்கில் வரிசையாய் நிறுத்தப்பட்டு, ஆடைத் தொழிற்சாலை என்னும் பெயர் பெற்றது. பெண்களின் விரல்கள் இயல்பிலேயே நுண்மையானவை, பொறுமை அவர்தம் பிறவிக்குணம் என்று முதலீட்டாளர்கள் புகழ்ந்தனர். டயான் எல்சன், ரூத் பியர்சன் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் 1981 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இப்புகழுரையின் திரையை விலக்கினர். அவ்விரல்களின் திறன் பிறவியில் வந்ததன்று. வீட்டில் தாயிடமும் பள்ளியில் தையல் வகுப்பிலும் ஆண்டுக்கணக்கிற் கற்றது. கற்பித்தவருக்கு ஊதியம் கொடுபடாமையால் அது பயிற்சி என எண்ணப்படவில்லை. பயிற்சி என எண்ணப்படாமையாற் பயிற்சியற்ற தொழிலாளிக்குரிய கூலியே கொடுபட்டது. வீட்டில் இலவசமாகப் பெறப்பட்ட உழைப்பு, தொழிற்சாலையில் மலிவுக் கூலிக்கு நியாயமாயிற்று.

அத்தொழிற்சாலைகளில் அமெரிக்காவிற்கும் ஐரோப்பாவிற்கும் செல்லும் குழந்தை ஆடைகளும் தைக்கப்பட்டன. அவற்றைத் தைத்த பெண்ணோ மாலையில் விடுதி அறையில், பலருக்குப் பொதுவான ஓர் அடுப்பில் முறைவைத்துச் சமைத்தாள். தாயான பின்னர் தன் பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டு வந்தவளும் உண்டு. ஒருநாளில் எண்ணற்ற சட்டைகளுக்குக் கை பொருத்தியவளுக்குத் தன் பிள்ளையின் சட்டையைத் தைக்க நேரம் வாய்க்கவில்லை. நடைபாதைக் கடையில் வாங்கி அனுப்பினாள்.

வடக்கே போர் இதே கதையை வேறு வகையில் எழுதியது. 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அரும்பொருளாயின. ஜாம் போத்தலில் பஞ்சை வைத்துச் சில துளி எண்ணெயில் விளக்கெரித்து, அதன் ஒளியிற் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர் நம் பெண்கள். பனம்பழத்தாற் துணி துவைத்தனர். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, சட்டி பானைகளோடு வீதிக்கு இறங்கினர். 2009 இற் போர் முடிந்த பின், கணவனை இழந்த பெண்களுக்கு வாழ்வாதாரம் என்று வழங்கப்பட்டவற்றுள் முதன்மையானது தையல் இயந்திரமே. கொடுத்தோரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் ஒரே ஒழுங்கையில் ஐந்து இயந்திரங்கள் இருக்க, யாருக்கு யார் தைப்பது? கடைத்தெருவில் ஆயத்த ஆடை மலிந்து கிடக்கையிற் கொடுப்பார் யார்? பெண் என்றால் தையல் என்ற 1824 ஆம் ஆண்டின் பாடத்தையே நாம் இன்னும் ஒப்புவித்துக்கொண்டிருக்கிறோம்.

2022 இன் நெருக்கடி அண்மையில் நாமனைவரும் கண்டது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலைகள் முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 95 சதவீதம் உயர்ந்தன. எரிவாயுவுக்கு வரிசையில் நின்று சலித்த வீடுகள் விறகடுப்பிற்குத் திரும்பின. அரைமணி நேரச் சமையல் இரண்டு மணி நேரமாயிற்று. புகையை விழுங்கியவர் யார், பிள்ளைக்குக் கொடுத்துத் தான் பட்டினி கிடந்தவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2017 இல் இந்நாட்டில் முதன்முறையாக நடந்த நேரப் பயன்பாட்டு அளவீடு, ஊதியமற்ற வீட்டு வேலையில் பெண்கள் ஆண்களைவிடப் பன்மடங்கு நேரம் செலவிடுவதைக் காட்டியது. நம் வீடுகளைப் பார்ப்போருக்கு அது புதுச் செய்தியன்று. ஆயினும் எண்ணப்படாத ஒன்று எண்ணப்பட்டது என்பதே ஒரு முன்னேற்றம்.

இனிச் செய்யத்தக்கது யாது? பகல்நேரக் குழந்தை பராமரிப்பு நிலையங்கள், பாடசாலை மதிய உணவு, நியாயமான கூலி ஆகியவை சலுகைகள் அல்ல. ஒருவர் தோளில் ஏற்றப்பட்ட சுமையைச் சமூகம் பகிர்ந்துகொள்ளும் வழிகள். இவற்றுக்காகத் தொழிற்சங்கங்கள் போராட வேண்டும். ஆனால் சமத்துவம் பற்றி மேடையில் முழங்கிவிட்டு, வீட்டிற்கு வந்து "தேத்தண்ணி இன்னும் வரவில்லையா?" எனக் குரல் கொடுக்கும் தோழர் நம்மிடையே இல்லை என எவரும் நெஞ்சில் கைவைத்துக் கூற முடியாது. நாமும் அத்தோழரே.

ஆசிரியராயுள்ளோர் அடுத்த வாரம் வகுப்பில் ஒரு சிறு வேலை கொடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தம் தாய் ஒருநாளில் எழும் நேரத்தையும் செய்யும் வேலைகளையும் உறங்கும் நேரத்தையும் எழுதி வரட்டும். பாட்டியிடம் 1953 ஐயும் 1974 ஐயும் 1995 ஐயும் பற்றிக் கேட்டு வரட்டும்: அன்று என்ன சமைத்தீர்கள், எதனைக் கிழித்து எங்களுக்குச் சட்டை தைத்தீர்கள் என்று. அவ்விடைகளை அடுக்கினால், எந்த நூல்நிலையத்திலும் இல்லாத நம் நாட்டு வரலாறு ஒன்று நம் மேசைமேல் இருக்கும். அதனை வாசித்த மாணவன் அன்று மாலை தன் தட்டைத் தானே கழுவுவானாயின், அப்பாடம் வீண்போகவில்லை எனக் கொள்வோம்.