கிரேக்க எழுத்துச் சகோதரச் சங்கங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்கள் தாங்களே ஆள் தேர்ந்து, உறுதிமொழி வாங்கி, இரகசியச் சடங்கோடு உறுப்பினராக்கிக்கொள்ளும் சங்கங்களுக்கு ஃபிரட்டெர்னிட்டி என்று பெயர். உடன்பிறந்தவனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. பெண்களின் சங்கம் சொராரிட்டி. பெரும்பாலான சங்கங்கள் இரண்டு அல்லது மூன்று கிரேக்க எழுத்துகளையே பெயராகக் கொண்டிருப்பதால் உறுப்பினர்களைப் பேச்சுவழக்கில் 'கிரீக்' என்பார்கள். கிரேக்க நாட்டுக்கும் இவற்றுக்கும் உறவில்லை. கல்லூரிப் படிப்பென்றால் இலத்தீனும் கிரேக்கமும் என்றிருந்த காலத்தின் தடம் அது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதைத் தாங்களே முடிவு செய்யும் உரிமைதான் இச்சங்கங்களின் உயிர். இவற்றின் நல்லதும் கெட்டதும் அந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

முதற்சங்கம் ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5 அன்று, அமெரிக்க விடுதலைப் பிரகடனம் வெளியாகி ஐந்து மாதங்களில், வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ஐவர் இதைத் தொடங்கினார்கள். அக்கல்லூரியில் அதற்கு முன்பே 1750இல் இலத்தீன் எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு சங்கம் இருந்தது. தாமஸ் ஜெஃபர்சன் அதில் உறுப்பினர். புதிய சங்கம் கிரேக்கத்துக்கு மாறியது. அறிவின் மீதுள்ள காதலே வாழ்க்கைக்குச் சுக்கான் என்று பொருள்படும் கிரேக்கத் தொடரின் முதலெழுத்துகள்தான் அதன் பெயர். உறுதிமொழி, பதக்கம், தங்களுக்குள் மட்டும் தெரிந்த கைகுலுக்கல், கிளைகள் என்று பின்னால் வந்த எல்லாச் சங்கங்களுக்குமான அச்சு அங்கேயே வார்க்கப்பட்டுவிட்டது. வகுப்பில் பாடத்தை ஒப்பிப்பதே கல்வியாக இருந்த நாளில், ஆசிரியர் காதுக்கு எட்டாத ஓர் அறையில் நாட்டு நடப்பை வாதாட அவர்களுக்கு இடம் தேவைப்பட்டது. விடுதலைப் போர் வில்லியம்ஸ்பர்க்கை நெருங்கியபோது தாய்ச் சங்கம் கலைந்தது. அதற்குள் யேலுக்கும் ஹார்வர்டுக்கும் கிளை தொடங்க அனுமதி போயிருந்ததால் பெயர் பிழைத்தது. 1831 வாக்கில் இரகசியத்தைக் கைவிட்டு, சிறந்த மாணவர்களைச் சேர்க்கும் கௌரவ அமைப்பாக அது மாறிக்கொண்டது. அன்று நாட்டில் இரகசியச் சங்கங்கள் மீது கடும் வெறுப்பு மூண்டிருந்தது. 1826இல் ஃப்ரீமேசன்களின் இரகசியங்களை வெளியிடப்போவதாகச் சொன்ன ஒருவர் நியூயார்க் மாநிலத்தில் கடத்தப்பட்டு மறைந்துபோக, அதையொட்டி ஓர் அரசியல் கட்சியே பிறந்திருந்தது.

இன்று நாம் காணும் சகோதரச் சங்கத்தின் நேர் மூதாதை அதே நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் இருக்கிறது. அங்கே 1825இல் கப்பா ஆல்ஃபா, 1827இல் சிக்மா ஃபை, டெல்டா ஃபை எனச் சங்கங்கள் அடுத்தடுத்து எழுந்தன. ஒஹையோவில் மயாமி பல்கலைக்கழகம் 1839க்கும் 1855க்கும் இடையில் இன்னும் மூன்றைப் பெற்றெடுத்தது. கல்லூரி நிர்வாகங்கள் இவற்றை விரும்பவில்லை. சில இடங்களில் எந்தச் சங்கத்திலும் சேரமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். 1912இல் மிசிசிப்பி மாநிலம் சட்டம் போட்டே தடுத்தது. அது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல் தீர்ப்பும் சொன்னது. ஆனால் 1926இல் மாநிலமே தடையை விலக்கிக்கொண்டது.

தடைகளையெல்லாம் தாண்டி இவை வேரூன்றியதற்குக் காரணம் வீடு. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் கை சை சங்கத்தார் 1846இல் காட்டுக்குள் மரக்கட்டைகளால் ஒரு குடிலைக் கட்டிக்கொண்டதே முதல் சங்க வீடு என்பார்கள். அப்போது அது கூடிப் பேசும் இடம் மட்டுமே. உள்நாட்டுப் போருக்குப் பின் பல்கலைக்கழகங்கள் பெருகின. மாணவர்களைத் தங்கவைக்க விடுதி கட்டப் பணமில்லை, பல தலைவர்களுக்கு அதில் நாட்டமும் இல்லை. கார்னல் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் வைட், தாமே யேலில் சங்க உறுப்பினராக இருந்தவர், சங்கங்களை வெளிப்படையாக ஆதரித்தார். மாணவர்களின் சாப்பாட்டையும் படுக்கையையும் சங்கம் பார்த்துக்கொண்டால் பல்கலைக்கழகத்துக்குச் சுமை குறையும். அந்த வசதிக்குக் கொடுத்த விலையை இன்றைய நிர்வாகங்களும் கட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய மாணவர்களின் அறக்கட்டளைக்குச் சொந்தமான வீட்டுக்குள் கல்லூரியின் கை முழுதாக எட்டுவதில்லை.

பெண்கள் கல்லூரிக்குள் நுழைந்தபோது ஆண்களின் சங்கக் கதவு அவர்களுக்கு மூடியே இருந்தது. 1867இல் இலினாய் மாநிலத்தின் மான்மத் கல்லூரியில் இன்று பை பீட்டா ஃபை எனப்படும் சங்கமும், 1870இல் இந்தியானாவில் கப்பா ஆல்ஃபா தீட்டாவும் தோன்றின. சொராரிட்டி என்ற சொல்லே 1882இல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதுவரை அவையும் ஃபிரட்டெர்னிட்டிகளே.

ஒதுக்கப்பட்டவர்கள் இந்த வடிவத்தை வெறுத்து விலகவில்லை, தமக்கென்று எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இவ்வரலாற்றின் மிகச் செழிப்பான பகுதி. 1906 டிசம்பர் 4 அன்று கார்னலில் கறுப்பின மாணவர் எழுவர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவை நிறுவினார்கள். இனப் பாகுபாட்டுக்கு நடுவே ஒருவரையொருவர் படிப்பில் தாங்கிப் பிடிக்கக் கூடிய சிறு குழு அது. உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷலும் மார்ட்டின் லூதர் கிங்கும் பின்னாளில் அதன் உறுப்பினர்கள். கிங் சேர்ந்தது 1952இல், பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது. வாஷிங்டனின் ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் 1913 ஜனவரியில் டெல்டா சிக்மா தீட்டாவும் பிறந்தன. பின்னதன் நிறுவனர்கள் 22 பேர். சங்கம் தொடங்கி இரண்டு மாதம் ஆகுமுன்னே, மார்ச் 3 அன்று, தலைநகரில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்தார்கள். இப்படி எழுந்த கறுப்பினச் சங்கங்கள் ஒன்பதையும் சேர்த்து 'டிவைன் நைன்' என்கிறார்கள். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹவர்ட் மாணவியாக 1986இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தார். அவர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட 2024 தேர்தலில் இந்த ஒன்பது சங்கங்களின் வலைப்பின்னல் அவருக்குப் பெரும் பலமாக நின்றது.

யூத மாணவர்களுக்கென ஸீட்டா பீட்டா டாவ் 1898இல் உருவானது. தெற்காசிய வம்சாவளி மாணவர்கள் 1994இல் பிங்ஹாம்டனில் அயோட்டா நூ டெல்டாவையும், 1998இல் டெக்சஸின் ஆஸ்டினில் டெல்டா எப்சைலன் சையையும் தொடங்கினார்கள். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள் சங்கம் சேர்கிறேன் என்று சொல்லும்போது அது இவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம்.

பல பழைய சங்கங்களின் விதிகளில் வெள்ளையர், கிறிஸ்தவர் மட்டுமே என்று எழுதியே இருந்தது. 1948இல் ஆமர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்கத் துணிந்தது. தலைமைச் சங்கம் கிளையையே நீக்கியது. கிளை பின்வாங்கவில்லை, தனித்து நின்று அவரை ஏற்றுக்கொண்டது. எழுத்தில் இருந்த விதிகள் அடுத்த இருபது ஆண்டுகளில் மெல்ல அழிந்தன. எழுதாத விதிகளுக்கு ஆயுள் அதிகம். அலபாமா பல்கலைக்கழகத்தின் வெள்ளையர் சொராரிட்டிகள் கறுப்பின மாணவிகளை ஒதுக்குவதை மாணவர் நாளிதழ் அம்பலப்படுத்திய பிறகு அவை கதவு திறந்தது 2013இல்.

சேரும் முறைக்கு ரஷ் என்று பெயர். பருவத் தொடக்கத்தில் சில நாள்கள் புதியவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பழகுவார்கள். பிறகு உறுப்பினர்கள் கூடி வாக்களிப்பார்கள். வெள்ளை, கறுப்பு உருண்டைகளைப் பெட்டியில் போட்டு வாக்களிப்பது பழைய வழக்கம். ஒரே ஒரு கறுப்பு உருண்டை விழுந்தாலும் ஆள் வெளியே. தேர்வானவருக்கு வரும் அழைப்பு 'பிட்'. அதை ஏற்றவர் 'பிளெட்ஜ்'. சில வாரங்களுக்கு அவர் நிறுவனர் பெயர்களையும் சங்க வரலாற்றையும் மனப்பாடம் செய்வார். அண்ணன் முறையில் ஒரு மூத்த உறுப்பினர் அவருக்கு வாய்ப்பார். கறுப்பினச் சங்கங்கள் 1990இல் இந்தப் பிளெட்ஜ் காலத்தையே கைவிட்டன. இரகசியச் சடங்கு முடிந்து பதக்கம் குத்தப்பட்டால்தான் முழு உறுப்பினர்.

ஹேசிங் என்னும் கொடுமை நுழைவது பிட்டுக்கும் பதக்கத்துக்கும் இடைப்பட்ட இந்தக் காலத்தில்தான். நம் ஊர் ராகிங் கல்லூரிக்குள் வந்த எவர்மீதும் விழலாம். ஹேசிங்கோ தானே விரும்பி வந்தவர்மீது விழுகிறது. எழுந்து போய்விடலாம்தான், பல வாரம் தாங்கிய பிறகு போக மனம் வராது. பாதிக்கப்பட்டவரே சம்மதித்தார் என்ற வாதத்தைப் பல மாநிலச் சட்டங்கள் ஏற்காததற்கு இதுவே காரணம். 1873இல் கார்னலில், சேர்க்கைக்காக இருட்டில் அழைத்துச் செல்லப்பட்ட மாணவர் பள்ளத்தாக்கில் விழுந்து இறந்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, வர்ஜீனியா இராணுவக் கல்லூரியில் ஹேசிங்கை எதிர்ப்பதற்கென்றே சிக்மா நூ என்ற சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. நோய் பிறந்த வீட்டிலேயே மருந்தும் பிறந்திருந்தும் சாவுகள் நிற்கவில்லை.

1984ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி நாடெங்கும் மது அருந்தும் வயது 21 ஆனபோது, குடி பொது இடத்திலிருந்து சங்க வீட்டின் மூடிய கதவுக்குள் போனது. 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், பிட்டை ஏற்ற இரவிலேயே அளவுமீறிக் குடிக்கவைக்கப்பட்ட மாணவர் படிக்கட்டில் விழுந்தார். மறுநாள் காலைவரை யாரும் மருத்துவ உதவியை அழைக்கவில்லை. அவர் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் பெயரிலேயே அம்மாநிலம் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. ஹேசிங் நிகழ்வுகளைக் கல்லூரிகள் வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கூட்டரசுச் சட்டம் 2024 டிசம்பரில் வந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பெற்றது அது.

உறுப்பினருக்குச் சந்தா உண்டு. வீட்டில் தங்கினால் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சேரும். குறைந்தபட்ச மதிப்பெண் வைத்திருக்கவேண்டும். வாராந்தரக் கூட்டம், தொண்டுக்கு நிதி திரட்டல், விருந்து, அடுத்த ரஷ்ஷுக்கான வேலை என்று வாரம் நிறைந்துவிடும். இருபது வயதில் பொருளாளராகி ஒரு பெரிய வீட்டின் வரவுசெலவைப் பார்ப்பது வகுப்பறை தராத படிப்பு. பட்டம் வாங்கினாலும் உறுப்பினர் உறவு அறுவதில்லை; வேலை தேடும்போது அதன் பயன் தெரியும். கறுப்பினச் சங்கங்களில் பட்டதாரிகளுக்கென்றே தனிக் கிளைகள் உள்ளன, ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும் மாதக் கூட்டத்துக்கு வருகிறார்கள். கிளைகளுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்து வரிசையில் பெயர் வைப்பது வழக்கம். ஆனால் பல சங்கங்கள் கடைசி எழுத்தான ஒமேகாவை எந்தக் கல்லூரிக்கும் தருவதில்லை. இறந்துபோன உறுப்பினர்களின் பெயர்கள் அந்தக் கிளையில் பதிவாகின்றன.