கணக்குப் புத்தகம் யார் கையில்?

யோங் பெங் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் கடன் வரலாற்றை வட்டி விகிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பாதிதான் விளங்கும். பத்து பகாட், குளுவாங், சிகாமட், ஆயர் ஈத்தாம் எனப் பல ஊர்ச் சாலைகள் சந்திக்கும் இடம் அது. பட்டணத்தில் கடைகளுக்குக் குறைவில்லை. கடன் கொடுப்பவர்களும் இருந்தார்கள். ஆனால் பால்மரம் வெட்டியவர் இந்தக் கடனா அந்தக் கடனா என்று நிறுத்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தார். கணக்கு எப்போதும் கொடுத்தவர் கையிலேயே இருந்ததுதான் அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

மலாயாவுக்கு ஆள் கொண்டுவரும் கப்பல் செலவுக்காக 1907இல் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகளே அதற்குப் பணம் கட்டினார்கள். சட்டப்படி பார்த்தால் தொழிலாளி கப்பல் கடனில்லாமல் வந்து இறங்கினார். ஆனால் ஊரில் பழைய பாக்கியை அடைத்து, வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் புறப்பட, ஆள் சேர்க்கும் கங்காணி தந்த முன்பணம் அவர் தலையில் ஏறியது. தன் கீழுள்ள ஆள் வேலைக்கு வந்தால் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் தோட்டம் மாறினால் அது போய்விடும். பல தோட்டங்களில் கடை நடத்தியவரும் கங்காணிதான். ஆக ஆளைக் கூட்டிவந்தவர், வேலை வாங்கியவர், அரிசி விற்றவர், கடன் கொடுத்தவர் எல்லாம் ஒருவராகவே இருக்க முடிந்தது. அப்படிப்பட்டவரிடம் வட்டி எவ்வளவு என்று கேட்டு என்ன பயன்? 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்திய பிறகும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கடைக்கடன் தொடர்ந்தது. அதே காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தங்களுக்குள் நடப்பு வட்டியைக் கூடிப் பேசி நிர்ணயித்தார்கள். நிலமோ சரக்கோ ஈடு வைக்க முடிந்தவருக்கு செட்டியார்கள் கடன் கொடுக்கும் கிட்டங்கிகள் நாலு ஏறி விசாரிக்கும் வசதி இருந்தது. ஈடு வைக்கச் சம்பளத்தைத் தவிர வேறில்லாத தொழிலாளிக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

கடைக்காரரின் கடன் மனிதாபிமானமுள்ளது, வட்டியே கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. மழைக்காலத்தில் மரம் வெட்ட முடியாமல் சம்பளம் குறைந்த குடும்பங்களுக்கு அந்தக் கடன்தான் சோறு போட்டது. மலேசியர்கள் அனைவரும் அறிந்த 555 சின்னப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள்: உள்ளங்கையில் அடங்கும் அளவு, தேதி, சாமான், தொகை. அதில் வட்டி என்றொரு வரி இருக்காது. சாமான் விலையிலேயே அதைச் சேர்த்துவிட இடமுண்டு. பாக்கி வைத்தவர் மலிவான கடைக்குப் போகவும் முடியாது. கடைக்காரர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம் என்ற நிலையை ஏற்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டம் இதில் ஒரு திருப்பம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கடன் வாங்கியவர் கையில் நகல் தர வேண்டும், இல்லாவிட்டால் கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது என்றது அது. கணக்கின் ஒரு பிரதி வாங்கியவர் பக்கம் வந்தது. இன்றைய கடன்பற்று அட்டையின் மாத அறிக்கையை அதே வரிசையில்தான் வைக்கிறேன். மத்திய வங்கியான பேங்க் நெகாரா வகுத்தபடி, 12 மாதம் தவறாமல் கட்டியவருக்கு ஆண்டு வட்டி அதிகபட்சம் 15 விழுக்காடு, 10 மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. உரிமம் பெற்ற வட்டிக்காரர் ஈடில்லாக் கடனுக்கு வாங்கக்கூடிய உச்சமும் 18தான். அப்படியானால் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். முழுத் தொகையையும் கட்டிவிடுபவருக்குக் குறைந்தது 20 நாள் வட்டியில்லாத் தவணை அட்டையில் உண்டு. அட்டையில் ரொக்கம் எடுத்தாலோ அந்தச் சலுகை கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணமும் சேரும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. 2011இல் வந்த விதிப்படி அட்டை பெற ஆண்டு வருமானம் 24,000 ரிங்கிட்டாவது வேண்டும். 2025இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், ஆண்டுக்கு 20,400. அந்தச் சம்பளம் மட்டும் வாங்குபவருக்கு அட்டை இல்லை. அவர் அவசரத்துக்கு உரிமமில்லாத வட்டிக்காரரான ஆலோங்கிடம் போனால் கணக்கு மறுபடியும் கொடுத்தவர் கைக்கே போய்விடும். கடனாளியைக் காக்கவே வரம்பு என்பது நியாயம்தான். ஆனால் சிறு கடனுக்கு வேறு நல்ல வாசலைத் திறக்காமல் இதை மட்டும் மூடுவது போதாது. கூட்டுறவுக் கடன் அந்த வாசலாக வேண்டும்.

அட்டைக்குத் தகுதி உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன் இரண்டு வங்கிகளிலாவது கட்டண விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அன்பளிப்புப் புள்ளிகளை ஒதுக்கிவிட்டு ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம், ரொக்கம் எடுக்கும் கட்டணம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.