கூடைப்பந்தாட்ட விதிகள்

கூடைப்பந்தாட்டம், ஐவர் அடங்கிய இரண்டு அணிகள் கையால் ஆடும் பந்தாட்டம். தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் உள்ள வளையத்துக்குள் பந்து மேலிருந்து விழுந்தால் புள்ளி. பெரும்பாலான பந்தாட்டங்கள் முதலில் ஆடப்பட்டு, பிறகே விதி கண்டவை. இந்த ஆட்டத்துக்கு விதிகள்தான் முதலில் எழுதப்பட்டன.

எழுதியவர் கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நைஸ்மித். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தார். பனிக்காலத்தில் கூடத்துக்குள் செய்யும் பயிற்சிகள் மாணவர்களுக்குச் சலித்துப்போகவே, புதிய ஆட்டம் ஒன்றை உருவாக்கும்படி துறைத் தலைவர் லூதர் கியூலிக் அவரைப் பணித்தார். பிற ஆட்டங்களில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனைத்தான் எதிரணியினர் பிடித்து வீழ்த்துகிறார்கள். ஓடுவதையே தடுத்துவிட்டால் முரட்டுத்தனத்துக்கு வேலையில்லை என்று நைஸ்மித் கணித்தார். இலக்கைத் தலைக்கு மேல் வைத்தால் வேகத்தைவிடக் குறிக்கே மதிப்பு. 1891 டிசம்பரில், கூடத்தின் மாடிக் கைப்பிடியில் பீச் பழக்கூடைகளை 10 அடி உயரத்தில் அடித்து, அணிக்கு ஒன்பது பேராக 18 மாணவர்கள் கால்பந்தை வைத்து ஆடினர். கூடைக்குள் பந்து விழுந்தது ஒரே ஒரு முறை. அவர் வகுத்த 13 விதிகள் 1892 ஜனவரியில் பள்ளியின் இதழில் வெளியாயின.

மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டதால், கூடைக்குப் பின்னால் பலகை வந்தது. பலகையிலோ வளையத்திலோ பட்டுத் திரும்பும் பந்தைப் பறிக்கும் ‘ரீபவுண்ட்’ அதனால் ஆட்டத்தின் முக்கியத் திறனாயிற்று. அணிக்கு ஐவர் என்பது 1897 அளவில் நிலைபெற்றது.

தொடக்க விதிப்படி, பந்தைப் பிடித்தவர் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். நெருக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் பந்தைத் தரையில் தட்டிவிட்டுத் தாமே மறுபடி பிடித்தார்கள். விதி அதைத் தடுக்கவில்லை. இன்று ஆட்டத்தின் அழகே எனலாம்படி வளர்ந்துவிட்ட ‘டிரிபிள்’ இப்படித்தான் பிறந்தது. நைஸ்மித்தின் தடை அதன் எல்லைகளாக இன்றும் நீடிக்கிறது. தட்டாமல் நடந்தால் ‘டிராவல்’. தட்டி நிறுத்திப் பிடித்தபின் மீண்டும் தட்டினால் ‘டபுள் டிரிபிள்’. நின்றவர் ஒரு காலை ஊன்றி மறுகாலால் சுழலலாம், அது ‘பிவட்’. ஓடியபடி பந்தைப் பிடிப்பவர், பிடிக்கும்போது ஊன்றியிருந்த காலைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டு அடி வைக்கலாம். வளையத்தை நெருங்கி எறியும் ‘லே-அப்’புக்கு இடம் தருவது இந்தச் சலுகைதான்.

புதியவர்கள் அடிக்கடி குழம்பும் இடம், விதிமீறலுக்கும் ‘பவுலு’க்கும் உள்ள வேறுபாடு. டிராவல் போன்ற விதிமீறலுக்குப் பந்து எதிரணிக்குப் போகும், அவ்வளவே. தள்ளுவது, பிடிப்பது, கையில் அடிப்பது முதலியவை பவுல். அவை ஆட்டக்காரர் கணக்கிலும் அணியின் கணக்கிலும் ஏறும். 1892 விதிகளில் ஓரணி தொடர்ந்து மூன்று பவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கூடை. இன்றைய பன்னாட்டு விதிப்படி ஐந்து பவுல் செய்தவர் வெளியேற வேண்டும். எறியும்போது பவுலால் தடுக்கப்பட்டவருக்கு ‘ஃப்ரீ த்ரோ’ கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஆட்டத்தின் ஒரு கால்பகுதியில் அணியின் ஐந்தாவது பவுலிலிருந்து, தற்காப்பில் இருப்போர் செய்யும் சாதாரணப் பவுலுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ உண்டு.

நேரம் சார்ந்த விதிகள் தந்திரங்களுக்குப் பதிலடியாக வந்தவை. முன்னிலை பெற்ற அணி எறியாமலே பந்தை வைத்துக்கொள்வது ஒரு காலத்தில் முறையான உத்தியாக இருந்தது. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெயின் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது, பார்த்தவர்களுக்குப் பெருஞ்சலிப்பு. 1954இல் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பையசோனின் யோசனைப்படி, 24 நொடிகளுக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதியை அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பான என்.பி.ஏ. ஏற்றது. ஒரு நல்ல ஆட்டத்தில் சுமார் 120 எறிதல்கள் இருக்கும். 48 நிமிடம், அதாவது 2,880 நொடியை அதனால் வகுத்தால் 24. 1932இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிபா 1956இல் 30 நொடி வைத்து, 2000இல் 24க்கு மாறியது. பந்தை எட்டு நொடிக்குள் எதிரணியின் பாதிக்குக் கொண்டுபோக வேண்டும். பந்து தம் அணியிடம் இருக்கையில், எதிரணி வளையத்தின் கீழுள்ள கட்டத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கலாகாது. நெட்டையர்கள் வளையத்தடியிலேயே குடியிருப்பதைத் தடுக்க 1936இல் வந்த இந்த விதிக்குத் துணையாக, நெட்டை ஆட்டக்காரர் ஜார்ஜ் மைக்கனின் ஆதிக்கத்தைக் கண்ட என்.பி.ஏ. 1951இல் கட்டத்தின் அகலத்தை இரட்டிப்பாக்கியது.

சாதாரணக் கூடைக்கு இரண்டு புள்ளி. தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று என்பது குட்டையர்களுக்கும் வழிதிறந்தது, என்.பி.ஏ. அதை 1979இலும் ஃபிபா 1984இலும் ஏற்றன. ஃபிபாவின் கோடு இப்போது 6.75 மீட்டரில் உள்ளது.

ஆடவர் கூடைப்பந்தாட்டம் 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலும் மகளிர் ஆட்டம் 1976 மான்ட்ரியலிலும் இடம்பெற்றன. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி, இவ்வகை ஆட்டங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களை இந்தியாவுக்கு உருவாக்கித் தந்தது. இந்தியப் போட்டிகள் ஃபிபா விதிகளைப் பின்பற்றுகின்றன: 28க்கு 15 மீட்டர் ஆடுகளம், பத்து நிமிடக் கால்பகுதி நான்கு, சமநிலையானால் ஐந்து நிமிடக் கூடுதல் நேரம். தொலைக்காட்சியில் என்.பி.ஏ. பார்த்துப் பழகியவர்கள், அங்கே கால்பகுதி 12 நிமிடம் என்பதையும் ஆறாவது பவுலில்தான் ஆட்டக்காரர் வெளியேறுவார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.