குடவோலையும் குலுக்கலும்

சிறு கட்டுமானப் பணிகளை வழங்குங்கால் வேண்டியவர், வேண்டாதவர் என்னும் வேறுபாடு எழாதிருக்க நம் நாடு கைக்கொண்ட வழி குலுக்கல். 1872இல் தோன்றிய பொதுப்பணித் துறை முதலியன, பணியின் மதிப்பை முன்னரே வரையறுத்து, பதிவு பெற்ற சிறு குத்தகையாளருள் ஒருவரைக் குலுக்கலில் தேர்ந்தன. 'எஃப்' என்றும், பின்னர் 'ஜி1' என்றும் பெயர்பெற்ற இவ்வகுப்பின் அரசுப் பணிகள் பூமிபுத்ராக்களுக்கே ஒதுக்கப்பட்டன.

தமிழர் இம்முறையைக் குடவோலையில் முன்பே கண்டவர். கி.பி. 921ஆம் ஆண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, ஏரி வாரியத்தார் அறுவரும் சிறுவன் எடுத்த ஓலைகளாலேயே தெரிவு பெற்றனர். ஆங்கும் நிலமுடையார் பெயரே குடம் புகுந்தது. எனினும், முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர்.

குலுக்கல், ஓலையெடுக்கும் கையின் ஓரவஞ்சனையை மட்டுமே நீக்கும். ஆதலின், பாடாங் மேஹாவில் ஒரு வடிகால் எழுந்தாலும், எவர் பெயர் குடம் புகுந்தது, முன்பணிக்குக் கணக்குண்டா என வினவ மாணவர்க்குக் கற்பிப்போம்.