“எனக்குப் பாட வராதுங்க”: நம் தோட்டத்து பஜனை வந்த வழி

 

வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆள் கூப்பிடும்போது நாங்கள் அதிகம் கேட்கிற பதில், “எனக்குப் பாட வராதுங்க” என்பதுதான். நம் தாத்தா பாட்டியும் இப்படியே சொல்லியிருந்தால் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பஜனையே நடந்திருக்காது. லிங்கியிலும் லாபுவிலும் சுவா பெத்தோங்கிலும் பாகாவ் பக்கத்திலும் சங்கீதம் படித்தவர்களா மரம் வெட்டினாங்க? விடியறதுக்கு முந்தி பெரட்டுக்குப் போய் நின்னு, பால் எடுத்து ஸ்டோரில் ஊத்திட்டு, சாயங்காலம் குளிச்சிட்டுக் கோயிலுக்கு வந்தவங்கதான் பாடினாங்க.

அது முடிஞ்சதுக்குக் காரணம் பஜனையின் அமைப்பு. தஞ்சையை மராத்திய மன்னர்கள் ஆண்ட காலத்தில் காவிரிக் கரையில் போதேந்திரர், ஸ்ரீதர ஐயாவாள், பின்னால் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் என்று மூன்று மகான்கள் வளர்த்துக் கொடுத்த முறை இது. முன்னால் ஒருத்தர் ஒரு வரி பாடுவார், கூட்டம் அதையே திருப்பிப் பாடும். எழுதப் படிக்கத் தெரியணும்னு இல்லை. முதல் வாரம் வாயை மட்டும் அசைப்பவர் நாலாவது வாரம் சத்தமாகப் பாடுவார், அடுத்த மார்கழியில் அவரே முன்வரி எடுத்துக் கொடுப்பார். பாடப் பாடத்தான் பாட்டு வருது. இதுக்கு மேல நல்ல சங்கீதப் பள்ளிக்கூடம் தோட்டத்துக்கு வேற என்ன கிடைச்சிருக்கும்?

தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா என்றால் தப்பும் உடுக்கையும்தான் முதலில். தப்பு அடிச்சவங்களைக் கோயில் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்ததும் அந்தக் காலத்தில் நடந்திருக்கிறது. அதை மறைச்சிட்டு வரலாறு எழுத முடியாது. திருவிழா வருஷத்துக்கு ஒரு தடவை. மற்ற நாட்களுக்கு, புரட்டாசி சனிக்கும் மார்கழிக்கும், பஜனை இருந்தது. 1938-ல் இந்திய அரசாங்கம் கூலி ஆட்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடுத்தது. கங்காணிமார் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வருவதும் அதோடு நின்றது. ஊரிலிருந்து புதுசா பாடுறவங்க வருவது குறைந்ததும், இருந்தவங்க இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் பாட்டு நிலைக்கும் என்றாகிவிட்டது.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்ற டாக்டர் 1913-ல் மலாயா வந்து, சிரம்பான் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய ஏழு வருஷம் வேலை பார்த்தார். பிறகு ஜொகூர் போனார், 1923-ல் நாடு திரும்பினார். அவர்தான் சுவாமி சிவானந்தர். இங்கே இருந்தபோதே பஜனையிலும் கீர்த்தனையிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. ரிஷிகேசத்தில் தாமே நாமாவளி கட்டி, நடுவில் ஆங்கில வார்த்தையையும் சேர்த்து, மொத்தக் கூட்டத்தையும் திருப்பிப் பாட வைத்தவர் அவர். பாடகர் என்று பெயர் எடுத்தவர் இல்லை அவர்.

இனி ஆர்மோனியம். 1840-களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபெய்ன் காப்புரிமை வாங்கிய பெட்டி அது, காலால் மிதித்து வாசிப்பது. 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கிற மாதிரி மாற்றினார். நாடகக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், பஜனைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கமகம் வராது, ஸ்வரம் அசையாமல் நிற்கும் என்று குறை சொல்லி அகில இந்திய வானொலி 1940-ல் அதற்குத் தடையே போட்டது. 1971-ல்தான் அது தளர ஆரம்பித்தது. வித்வான்கள் சொன்ன குறை நியாயம்தான். ஆனா புதுசா பாட வர்றவங்களுக்கு அந்தக் குறைதான் உதவி. ஸ்வரம் அசையாம நின்னாத்தானே பிடிச்சுக்கிட்டு நடக்க முடியும்!

பெட்டியைத் தொட ஆசை இருக்கிறவர்களுக்கு ஒரு சின்னப் பாடம். இரண்டு கறுப்புக் கட்டை சேர்ந்து இருக்கும் இடத்துக்கு இடது பக்கம் ஒட்டின வெள்ளைக் கட்டைதான் ஒரு கட்டை சுருதிக்கு ‘ச’. அதிலிருந்து எண்ணினால் ஐந்தாவது வெள்ளை ‘ப’. இந்த இரண்டையும் அமுக்கி, துருத்தியை மெதுவாகப் போட்டால் சுருதி வந்துவிடும். ஆண்களில் பலருக்கு ஒன்று, ஒன்றரை சரியாக இருக்கும். பெண்களுக்கு ஐந்து பக்கம் போகணும். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும்போது யாராவது ஒருத்தர் விட்டுக் கொடுக்கத்தான் வேணும் (யார் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை). பெட்டிக்கும் முன்னாடி ஜால்ரா. தாளம் கையில் நின்றால் பாட்டு தானாக வரும்.

பால்மரம் போய் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது. நீலாய், செண்டாயான் பக்கம் தோட்டங்களே தாமான்களாகிவிட்டன. சனம் பிரிந்து போனது, லயத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வந்த குரல் இப்போ இருபது நிமிஷம் கார் ஓட்டி வர வேண்டியிருக்கு. பல இடங்களில் பஜனைக்குப் பதில் ஸ்பீக்கர் பாடுது. நம்ம கோயிலிலும் போன சில மாதம் அப்படித்தான் இருந்தது, முன்வரி எடுக்க மூணு பாட்டிமார் மட்டும். அவங்க நினைவில் இருக்கிற மெட்டுகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உறுமி மேளம் அடிக்கிற தம்பிகளைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. சினிமாப் பாட்டு அடிக்கிறாங்கதான். ஆனா வகுப்பு இல்லாமல், காதால் கேட்டு, கை வலிக்க வலிக்கக் கத்துக்கிட்டவங்க அவங்க. அந்தத் தோட்டத்து வழியில் இன்னும் நடக்கிறவர்கள் அவர்கள்தான் என்பது எங்கள் எண்ணம். தம்பிகளா, வெள்ளிக்கிழமை வாங்க. டோலக்கு சும்மாதான் கிடக்கு.

பூஜை முடிந்து எட்டு மணிக்கு ஆரம்பம். ஜால்ரா நாலு ஜோடி இருக்கு. ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை அமுக்கினால் எழும்பாது, அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் இருந்தால் கோயில் ஆபீஸில் சொல்லுங்க. பாட்டிமார் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து வரிகளை எழுதிக் கொடுக்கப் பிள்ளைகள் இரண்டு பேர் வேணும்.