ஜாகுவார் கதவின் இறப்பர்: எது ‘ஒறிஜினல்’?

பழைய ஸ்போட்ஸ் கார்களைத் திருத்துகிற வீடியோக்களை எங்களில் கனபேர் பார்த்திருப்போம். எஞ்சினுக்கும் பெயின்றுக்கும் ஒரு மணித்தியாலம் போகும். கதவைச் சுற்றி ஒட்டியிருக்கும் கறுப்பு இறப்பரை (எங்கட கராஜ்களில் ‘பீடிங்’ என்று சொல்வார்கள்) பிய்த்து வாளிக்குள் போடுகிற காட்சி சில செக்கன்களில் முடிந்துவிடும். அந்த வாளிக்குள் போகிற துண்டுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அதில் எங்கட நாட்டுக்கும் பங்கு இருக்கு.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வில்லியம் லயன்ஸின் ஜாகுவார் நிறுவனம் XK120 காரை அறிமுகப்படுத்தியது. மணிக்கு 120 மைல் ஓடும் என்பதுதான் பெயரிலேயே இருந்த வாக்குறுதி. முதலில் வந்தது திறந்த கார். கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பக்கத்திரைகளைச் செருகிக்கொள்ள வேண்டும். கூரையும் சுற்றி ஏற்றும் கண்ணாடியும் உள்ள கூபே 1951இல் வந்தது. கூரை வந்தவுடன் காருக்குள் இருப்பவர் நனையக்கூடாது, காற்று கூவக்கூடாது என்ற எதிர்பார்ப்பும் வந்துவிடும்தானே. தகடும் தகடும் எவ்வளவு நெருங்கினாலும் இடையில் நீர் புகும். மெத்தென்ற ஏதோவொன்று நடுவில் நசிந்து நின்றால்தான் அடைபடும். அந்த வேலையைத்தான் இறப்பர் செய்தது.

ஆனால் காரிலேயே முதலில் சாகிறதும் அதுதான். மரத்துப் பாலில் இருந்து வரும் இறப்பர் சூட்டில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோதுதான் உறுதியும் நெகிழ்வும் ஒன்றாகக் கிடைத்தன. இருந்தாலும் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் மிஞ்சி நிற்கும். காற்றில் உள்ள ஓசோன் அவற்றைத்தான் தாக்கும். இறப்பர் இழுபட்டு நிற்கிற மூலைகளில் முதலில் வெடிப்பு விழும். வெயிலும் எண்ணெயும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வருடக்கணக்காக நசிந்து கிடந்த இறப்பர் பிறகு எழும்பாது, அப்படியே படுத்துவிடும். மழைநீர் உள்ளே இறங்கி, விரிப்புக்குக் கீழே தேங்கி, தகடு துருப்பிடிக்கத் தொடங்கும். பத்து விரல் நீளத் துண்டு பழுதானால் முழுக் காரின் அடித்தளமும் போகலாம்.

மாற்றுகிற வேலை பார்க்கச் சுலபம், செய்யப் பொறுமை வேணும். பழசைப் பிய்த்தபிறகு விளிம்பில் காய்ந்திருக்கும் பசையை முழுக்கச் சுரண்ட வேண்டும். துரு இருந்தால் தேய்த்து, பெயின்ற் அடித்துக் காயவிட வேண்டும். புது இறப்பரைப் பசை போடாமல் ஒருதரம் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டும்போது இழுக்கவே கூடாது. இழுத்து ஒட்டினால் அது நாளடைவில் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். பொருத்து விழும் இடத்தைக் கீழ்ப்பக்கமாக வைப்பார்கள். புது இறப்பர் தடிப்பாக இருப்பதால் முதலில் கதவு பூட்டாது. பூட்டு போய்க் கொழுவும் தகட்டைக் கொஞ்சம் நகர்த்தி, கதவைச் சில நாள் சாத்தி வைக்க வேண்டும். கடைசியில் ஒரு கடதாசித் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்ப்பார்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடம் இன்னும் சரியில்லை.

இப்போது போடுகிற இறப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை வகை. 1960களில் சந்தைக்கு வந்தது. அதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை, அதனால் ஓசோனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. காருக்கு அது நல்லதுதான். பழையபடி மரத்து இறப்பரையே போடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களை யோசிக்க வைத்தது வேறொன்று.

இந்த உலகத்தில் ‘ஒறிஜினல்’ என்ற சொல்லுக்குப் பெரிய விலை. எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு பொருந்த வேண்டும். ஜாகுவாரின் மரபு அமைப்பிடம் கேட்டால், எந்த நாளில் கட்டப்பட்டது, என்ன நிறம், எந்த விற்பனையாளருக்குப் போனது என்று சான்றிதழ் தருவார்கள். எழுபது வருடத்துக்கு முந்திய ஒரு வாகனத்தின் பிறப்பு அவ்வளவு கவனமாகப் பதியப்பட்டிருக்கு. அதே வாகனத்தின் இறப்பருக்கு அப்படி ஒரு வரியும் இல்லை.

பிரித்தானியாவில் செயற்கை இறப்பர் பெரியளவில் உற்பத்தியானது 1950களின் கடைசியில்தான். அதுவரை அங்கத்தைய தொழிற்சாலைகள் முக்கியமாக நம்பியிருந்தது குடியேற்ற நாடுகளின் மரங்களை. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலில் இருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் அதே வருடம் கம்பகாவின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்தன. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் இறப்பர்க் காடாயின. 1942இல் மலாயா ஜப்பானிடம் விழுந்தபோது நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இயற்கை இறப்பர் மூலம் இலங்கைதான். மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று அளவுக்கு மீறி வெட்டச் சொன்னார்கள்.

வெட்டியவர்கள் யார்? சிங்களக் கிராமத்தவர்களும் சிறு தோட்டக்காரர்களும் இருந்தார்கள். பெரிய தோட்டங்களில் லயன்களில் இருந்து விடியமுன்னம் போய்ப் பால் வெட்டியவர்களில் மலையகத் தமிழர் பெருந்தொகை. சிரட்டையில் சேர்ந்த பாலை அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் தட்டையாக்கி, புகையில் காயவைத்துக் கப்பலேற்றினார்கள். அங்கே அரைவை உருளைக்குள் போனால் மலாயாத் தாளும் இலங்கைத் தாளும் ஒரே கறுப்புக் களி. எந்தக் கதவில் யார் வெட்டிய பால் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

XK120 மேடையேறிய அடுத்த மாதம், 1948 நவம்பர் 15இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தகப்பன் இங்கே பிறந்தவர், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது சட்டம். லயனில் பிறந்த எத்தனை பேரிடம் அந்தக் கடதாசி இருந்திருக்கும்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1952இல் சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் வந்தது: வருடம் 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி. நாடு சாப்பிட்ட சோற்றின் ஒரு பங்கு நாடற்றவர்களின் கையால் வந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. மிஞ்சியவர்களின் பிரச்சினை சட்டத்தில் தீர 2003 வரை போனது.

காரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வடிவமைத்தவரை எழுதுகிறார்கள், ஓட்டியவரை எழுதுகிறார்கள். அது பிழையில்லை. ஆனால் பழைய பீடிங்கைப் பிய்த்து ஈபிடிஎம் போடுகிற நேரத்தில், அந்தக் காரில் மிஞ்சியிருந்த கடைசி மரத்துத் துண்டும் வெளியே போகுது. பொருளை வைத்து இந்த உழைப்பைத் தேட இனி வழி குறைவு. மனிதரிடம்தான் தேட வேண்டும்.

பால் வெட்டிய அம்மம்மாமாரும் தாத்தாமாரும் எங்களில் சிலரின் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். எத்தனை மணிக்கு எழும்பினார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மரம், கத்தியை எப்படிப் பிடித்தார்கள், மழை நாளில் சம்பளம் என்ன ஆனது, ஒட்டுப்பாலை யார் சேர்த்தார்கள் என்று கேட்கலாம். போனில் பதிவுசெய்து, பெயரும் தோட்டமும் வருடமும் சேர்த்து எழுதிவைக்கலாம். ஒரு காருக்கு இருக்கிற அளவு பதிவாவது அவர்களுக்கும் இருக்க வேணும்.