முகமறைந்த வாசகன்: திருகோணமலைத் துறைமுகமும் இருள்வலையும்

இருள்வலை எனப்படும் இணையப் பகுதியைப் பற்றிப் பேச முற்படுவோருட் பலர் அதனைப் போதைப்பொருட் சந்தையாகவும் களவுப் பண்டங்களின் கூடமாகவுமே காண்கின்றனர். 2011 தொடக்கம் 2013 வரை இயங்கிய ‘சில்க் ரோட்’ போன்ற சந்தைகளை நோக்கும்போது அக்கருத்து முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயின் ஒரு கருவியை அதன் குற்றப் பயன்பாட்டை மட்டும் கொண்டு மதிப்பிடுவது, அச்சுக்கலையைக் கள்ளநோட்டினைக் கொண்டு மதிப்பிடுவதை ஒக்கும். தம் அடையாளத்தை வெளியிடாது வாசிக்கவும் எழுதவும் மனிதரைத் தூண்டிய சமூக உறவுகள் யாவை, அதற்கான கருவி யாருடைய தேவையையொட்டிப் பிறந்தது, அது யாரைக் காக்கும், யாரைக் காக்காது என்னும் வினாக்களே இங்கு எமது கவனத்துக்குரியன. இவ்வினாக்களைத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய முற்படுகிறோம். இரகசியத் தொடர்பு என்பது கடற்படையின் தேவையாகத் தொடங்கிக் குடிமக்களின் உயிர்ப் பிரச்சினையாக மாறியதை இப்பிரதேச வரலாறு தெளிவாகவே காட்டுகின்றது.

1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியது முதல் 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் ஒப்படைக்கும்வரை, பிரித்தானியரின் இந்து சமுத்திர ஆதிக்கத்துக்கு இத்துறைமுகம் ஓர் ஊன்றுகோலாக இருந்தது. கம்பியில்லாத் தந்தியின் வருகைக்குப் பின்னர் கடற்படைக்கு ஒரு புதிய சங்கடம் ஏற்பட்டது. செய்தியைச் சங்கேதத்தில் மறைக்கலாம். செய்தி அனுப்பப்பட்டது என்பதை மறைத்தல் இயலாது. எந்தக் கப்பல் எத்திசையிலிருந்து எத்தனை முறை பேசுகின்றது என்பதை எதிரி கேட்டுக்கொண்டேயிருப்பான். சொற்களின் பொருள் விளங்காவிடினும், பேச்சின் போக்குவரத்தை மட்டும் வைத்து ஒரு கடற்படையின் நோக்கத்தை ஊகிக்கலாம் என்பதை இரண்டாம் உலகப்போர்க்கால உளவுத்துறையினர் நன்கறிந்திருந்தனர்.

இதற்கான உதாரணம் எமது வாசலிலேயே உள்ளது. மலாயாவினுள் யப்பானியர் புகுந்ததைத் தொடர்ந்து, சிங்கப்பூரிலிருந்த பிரித்தானியச் சமிக்ஞை உளவுப் பிரிவு 1942இன் தொடக்கத்திற் கொழும்புக்கு இடம் மாறியது. இலங்கை தாக்கப்படவிருப்பதை அப்பிரிவு அவ்வாண்டு மார்ச்சு இறுதியிலேயே அறிந்து கூறியது. நாள் மட்டும் பிழைத்துவிட்டது. ஏப்ரல் 1ஆம் திகதியளவில் எதிர்பார்க்கப்பட்ட தாக்குதல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் நிகழ்ந்தது. முதல்நாள் இரவே துறைமுகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. மறைத்தலும் மறைவை அறிதலும் அரசுகளின் தொழிலாக இருந்த காலம் அது.

அரசுக்கு எதிராக மறைந்தவர்களும் அக்காலத்தில் இருந்தனர் என்பதை இங்கு ஒரு கிளைக்குறிப்பாகச் சொல்ல வேண்டும். அதே 1942 ஏப்ரலில், சமசமாசக் கட்சித் தலைவர்களான பிலிப் குணவர்தன, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கண்டிச் சிறையிலிருந்து சிறைக்காவலர் ஒருவரின் துணையுடன் தப்பினர். பின்னர் அவர்களுட் சிலர் வல்வெட்டித்துறையூடாகக் கடல் கடந்து இந்தியா சென்று மாற்றுப் பெயர்களில் வாழ்ந்தனர். அவர்களது தலைமறைவைக் காத்தது எவ்விதச் சங்கேதமுமன்று. வீடு கொடுத்தவர், வள்ளம் ஓட்டியவர், கண்டும் காணாதிருந்தவர் என்போரின் உறவே அவர்களைக் காத்தது. பின்னர் நாம் கூறவிருப்பதற்கு இவ்வுண்மை முக்கியமானது.

இனி வாசகனிடம் வருவோம். அச்சு யுகத்திலும் வானொலி யுகத்திலும் சாதாரண வாசகனுக்கும் நேயனுக்கும் முகமின்மை தானாகவே கிடைத்திருந்தது. வாசிகசாலையில் ஒரு பத்திரிகையை இருபதுபேர் வாசித்தனர். ஒருவர் உரத்து வாசிக்க ஏனையோர் கேட்டனர். எவர் எந்தப் பத்தியில் நின்றார் என்பதைப் பத்திரிகை முதலாளியும் அறியார், பொலிசாரும் அறியார். வானொலியில் இது இன்னும் தெளிவு. 1980களில் ஜேர்மன் நாட்டு வானொலியான ‘டொய்ச்ச வெல்ல’ திருகோணமலையில் சிற்றலை அஞ்சல் நிலையமொன்றை நிறுவியது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பெருங்கோபுரங்களிலிருந்து ஆசியா நோக்கிப் புறப்பட்ட அவ்வலைகளை யார் கேட்டனர் என்பதை அறியும் வழி நிலையத்தாருக்கு இருக்கவில்லை. பி.பி.சி. தமிழோசையும் அவ்வாறே, 2017இற் சிற்றலையில் ஓயும்வரை, கேட்போரின் பெயர் கேளாமல் வந்து சேர்ந்தது. போர்க்காலத்தில் மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட வடபகுதியில் மிதிவண்டி டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டவர்களை நாமறிவோம். அயல்வீட்டாருக்கு அவர்களைத் தெரியும், இலண்டனுக்குத் தெரியாது.

இணையம் இவ்வுறவைத் தலைகீழாக்கியது. வானொலி அலை எல்லோரிடமும் வருகின்றது. இணையப் பக்கமோ கேட்டாலன்றி வருவதில்லை. கேட்பவர் தமது முகவரி எண்ணைக் கொடுத்தே கேட்க வேண்டும். எனவே ஒவ்வொரு வாசிப்பும் ஒரு விண்ணப்பமாகின்றது, விண்ணப்பம் பதிவாகின்றது. இலங்கையில் கைத்தொலைபேசி இணைப்பு தேசிய அடையாள அட்டையுடன் பிணைக்கப்பட்டிருப்பதால், உவர்மலையில் ஒருவர் நள்ளிரவில் எந்தத் தளத்தைத் திறந்தார் என்பதை இணைப்பு வழங்கும் நிறுவனம் பெயருடன் அறியலாம். வாசகனின் ஆர்வம் விளம்பர மூலதனத்துக்கு மூலப்பொருளாகவும் அரசுக்குச் சாட்சியமாகவும் ஒரே வேளையில் மாறியது. வாசிப்பின் வரலாற்றில் இதனை ஒரு பண்புமாற்றம் எனவே கொள்ள வேண்டும்.

இருள்வலைக்கு வழி செய்த தொழில்நுட்பம் இந்நிலையின் எதிர்விளைவாகத் தோன்றியது எனிற் கதை அழகாயிருக்கும். வரலாறு அவ்வாறு அமையவில்லை. 1990களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் கடற்படை ஆய்வுகூடத்தில் கோல்ட்ஷ்லாக், றீட், சைவர்சன் என்னும் மூவர் ‘வெங்காய வழிப்படுத்தல்’ என்னும் முறையை வகுத்தனர். 1942இல் எதிர்ப்பட்ட அதே சங்கடமே அவர்கள் முன்னும் இருந்தது: சொல்லை மறைத்தாலும் பேச்சின் போக்குவரத்தை எவ்வாறு மறைப்பது? செய்தியைப் பல சங்கேத உறைகளுள் இட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று இடைநிலையங்களினூடாக அனுப்புவதே அவர்கள் வழியில் வந்த டோர் வலையமைப்பின் முறை. ஒவ்வொரு நிலையமும் தனக்குரிய ஓர் உறையை மட்டுமே உரிக்கும். முதல் நிலையம் அனுப்பியவரை அறியும், செல்லுமிடத்தை அறியாது. கடைசி நிலையம் செல்லுமிடத்தை அறியும், அனுப்பியவரை அறியாது. தளங்களும் இவ்வாறே தம் இருப்பிடத்தை மறைத்துக்கொள்ளலாம். அவ்வகைத் தளங்களின் தொகுதியையே இருள்வலை என்கின்றனர். மின்னஞ்சற் பெட்டி, வங்கிக் கணக்கு முதலியவற்றைக் கொண்ட, தேடுபொறிக்கு எட்டாத ஆழ்வலை வேறு.

இங்கு ஒரு முரண்பாடு எழுந்தது. கடற்படையினர் மட்டும் பயன்படுத்தும் மறைவலை எவரையும் மறைக்காது. அதனுள்ளிருந்து வருவோர் அனைவரும் கடற்படையினர் என்பது வெளிப்படை. ஆகவே அது பொதுமக்களுக்குத் திறக்கப்படவேண்டியதாயிற்று. 2002இல் இயங்கத் தொடங்கிய டோர், 2004இற் கட்டற்ற உரிமத்துடன் வெளியிடப்பட்டது. 2006இல் அதற்கெனத் தனி இலாபநோக்கற்ற நிறுவனம் உருவாயிற்று. நெடுங்காலம் அதன் பணத்திற் பெரும்பகுதி அமெரிக்க அரசிடமிருந்தே வந்தது. அதே அரசின் உளவு நிறுவனம் அதனை முழுமையாக ஊடுருவ இயலாது திணறியமையை 2013இல் வெளியான ஆவணங்கள் காட்டின. ஏகாதிபத்தியத்தின் கருவி என இதனை ஒதுக்குவோரும், விடுதலையின் கருவி எனப் போற்றுவோரும் இம்முரண்பாட்டின் ஒரு பக்கத்தையே காண்கின்றனர். மறைவு என்பது தனிமனிதச் சொத்தாக இருக்க முடியாது, திரளின் உற்பத்தியாகவே அமையும் என்பதை ஒரு கடற்படை ஆய்வுகூடம் தன் தேவையின் நிர்ப்பந்தத்தால் ஒப்புக்கொண்டதே எமக்கு முக்கியமானது.

நடைமுறையில் இக்கருவி எதனைச் செய்யும் என்பதிலும் தெளிவு வேண்டும். டோர் உலாவியை அதனை ஆக்கியோரின் தளத்திலிருந்தே பெறுதலும், காலந்தோறும் புதுப்பித்தலும் முதற்கடன். வேறிடங்களிற் கிடைக்கும் போலிப் பிரதிகள் மறைப்பதற்குப் பதிலாகக் காட்டிக்கொடுக்கும். அதனுள் நின்றுகொண்டே சொந்தப் பெயரிலுள்ள கணக்கைத் திறப்பவர் தம்மைத் தாமே அறிவித்தவராகிறார். இறக்கிய கோப்பினை இணைப்பிலிருக்கும்போதே வேறு செயலியில் திறந்தால் உண்மை முகவரி கசியக்கூடும். ஒளிப்படக் கோப்பினுள் கருவியின் வகையும் நேரமும், சிலபோது இடமுங்கூடப் பதிந்திருக்கும். உறைகள் எத்தனையாயினும் உள்ளிருக்கும் கடிதம் கையொப்பமிட்டதாயிற் பயனில்லை. கடைசி நிலையத்துக்கும் திறந்த இணையத்திலுள்ள தளத்துக்கும் இடையே சங்கேதமில்லாத் தொடர்பாயின் இடையிலுள்ளோர் வாசிக்கலாம். டோரைப் பயன்படுத்துகிறோம் என்பதும் இணைப்பு நிறுவனத்துக்குத் தெரியும். ‘பாலங்கள்’ எனப்படும் பட்டியலிடாத நுழைவாயில்கள் அதனை ஓரளவு மறைக்கும்.

இக்கடைசிக் குறை அற்பமானதன்று. 2013 டிசம்பரில் ஹாவார்ட் பல்கலைக்கழக மாணவரொருவர் பரீட்சையைத் தவிர்க்கும் பொருட்டு டோர் வழியே பொய்யான குண்டு மிரட்டலை அனுப்பினார். உறைகள் எவையும் உடைக்கப்படவில்லை. அவ்வேளையில் பல்கலைக்கழக வலையமைப்பிலிருந்து டோரைப் பயன்படுத்தியோர் யாவர் எனத் தேடியபோதே அவர் அகப்பட்டார். அவர் செய்தது குற்றம், அகப்பட்டது நன்று. ஆயின் சிறிய ஊரொன்றிலிருந்து முறைப்பாடு எழுதும் தொழிற்சங்கவாதிக்கும் இதே விதி பொருந்தும்.

இலங்கையில் திரள் உருவான தருணங்கள் சில உள்ளன. 2007 யூன் மாதத்தில் தமிழ்நெற் தளம் முடக்கப்பட்டது. 2015 வரை அம்முடக்கம் நீடித்தது. அக்காலத்தில் மாற்றுவழி தேடியோர் குறிப்பிட்ட ஓர் அரசியலுக்குரியோராக எளிதில் அடையாளங் காணப்படக் கூடியவராயிருந்தனர். 2018 மார்ச்சில் கண்டி வன்செயல்களின் போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டபோது நிலைமை வேறு. மெய்நிகர் தனியார் வலையைச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே நாளிற் கைத்தொலைபேசிகளில் நிறுவினர். ஆயின் அவ்வலை டோரினின்றும் வேறுபட்டது. இணைப்பு நிறுவனத்தின் மீதிருந்த நம்பிக்கையை வலை விற்கும் கம்பனியிடம் மாற்றுவதே அது. ஒரே கம்பனி அனுப்புநரையும் அறியும், செல்லுமிடத்தையும் அறியும். இலவசமாகத் தருவோர் வாசகனின் தரவையே விற்றுச் செலவை ஈடுசெய்வதும் உண்டு.

இவையனைத்தையும் ஒரு நிகழ்வின் முன் வைத்துப் பார்த்தாலன்றி எமது ஆய்வு வெறும் கருவிப் புராணமாகிவிடும். 2006 சனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அண்மையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தே இறந்தனர் எனப் படைத்தரப்புக் கூறியது. ‘சுடர் ஒளி’ப் பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த ஒளிப்படங்கள் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தமையைக் காட்டின. அப்படங்கள் அச்சேறின. சனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குச் செல்லப் புறப்பட்டவேளை அவர் திருகோணமலை நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

செய்தியாளருக்கு ஆவணங்களை இரகசியமாக அனுப்புவதற்கு டோரின் மீது அமைந்த ‘செக்கியூர் டிரொப்’ முறை 2013இலேயே வந்தது. அது 2006இல் இருந்திருப்பின் அவர் உயிர் தப்பியிருப்பாரா என்னும் கேள்வியை நாம் தவிர்க்கலாகாது. தப்பியிருப்பார் எனக் கூற எம்மால் இயலவில்லை. படம் கொழும்புக்குச் சென்ற வழியை அம்முறை மறைத்திருக்கும். படம் எடுக்கப்பட்ட இடத்தில் நின்றவரை மறைத்திராது. பிரேத அறையினுட் புகக் கூடிய படப்பிடிப்பாளர் அந்நகரில் எத்தனை பேர் இருந்திருப்பர்? உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் மத்தியில் ஒருவரை ஒளிக்கும் வலையமைப்பு, ஒருவரையொருவர் முகமறிந்த துறைமுக நகரத்திற் சில செய்தியாளர்களுள் ஒருவரை ஒளிக்க மாட்டாது. 1942இன் தலைமறைவாளருக்குக் கிடைத்த வீடும் வள்ளமும் கண்டும் காணாத அயலும், சோதனைச் சாவடிகளாற் கூறுபட்ட 2006இன் திருகோணமலையில் அவருக்குக் கிடைக்கவில்லை.

மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட பதின்மூவரும் போதிய சான்றில்லையென 2019 யூலை 3ஆம் திகதி திருகோணமலை நீதிவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. அதற்கு முன்னரே முக்கிய சாட்சிகள் நாட்டை விட்டு வெளியேறியிருந்தனர்.